வியட்நாமியரிடம் ‘நான்’ என்று சொல்வது எப்படி?

செந்தூரான் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். பணி நிமித்தமாக இரண்டு ஆண்டுகள் தங்குவதற்கு வியட்நாமின் ஹைஃபோங் நகருக்கு வந்திருக்கிறேன். வந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. ஊரும் மனிதர்களும் பிடித்துப்போனார்கள். ஆனால் பேச்சில் எங்கோ தவறுகிறேன் என்பது மட்டும் தெரிகிறது. எங்கே என்று பிடிபடவில்லை.

முதல் நாளே பக்கத்து மேசைப் பெண், என் பெயரைக் கேட்ட கையோடு, பிறந்த ஆண்டையும் கேட்டார். 1989 என்றேன். அவர் 1998. அன்றிலிருந்து என்னை ‘ஆஞ்’ என்றும் தம்மை ‘எம்’ என்றும் சொல்லிக்கொள்கிறார். சென்ற வாரம் அவர் எனக்காக வீட்டிலிருந்து உணவு கொண்டுவந்தார். நன்றியை அவர் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்று இரவெல்லாம் பயிற்சி செய்து, பாடநூலில் ‘நான்’ என்பதற்குக் கொடுத்திருந்த ‘தோய்’ என்ற சொல்லை வைத்து ஒரு முழு வாக்கியம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. சற்று நேரம் கழித்து, “உங்களுக்கு என் மேல் ஏதாவது கோபமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். இலக்கணப் பிழை எதுவும் இல்லை என்று உடன் இருந்தவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் பிழை எங்கே இருந்தது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அதே பெண் தம் தாத்தாவின் நினைவு நாளுக்கு நாம் தின் பக்கத்திலுள்ள தம் கிராமத்துக்கு என்னை அழைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் திவசத்துக்கு வெளியாரை அழைக்கும் வழக்கமே இல்லை. மரியாதைக்காக அழைத்தாரா, உண்மையிலேயே போகலாமா, போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அந்திமந்தாரை எழுதியது:

தம்பி, ஹனோயில் 12 ஆண்டுகளாக வசிக்கிறேன். உங்கள் பிழையை நானும் முதல் ஆண்டு முழுவதும் செய்தேன். எனவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தமிழில் யாரிடம் பேசினாலும் நான் ‘நான்’தான். அம்மாவிடம் பேசினாலும், அமைச்சரிடம் பேசினாலும், கடைப்பையனிடம் பேசினாலும் அந்தச் சொல் மாறுவதில்லை. எதிரில் இருப்பவரை நீ, நீங்கள், தாங்கள் என்று மாற்றுவோம். அண்ணா, அக்கா, மாமா என்று உறவு சேர்த்தும் அழைப்போம். ஆனால் நம்மைக் குறிக்கும் சொல் அசையாமல் நிற்கும். வியட்நாமிய மொழியில் அந்தச் சொல்லே அசைகிறது. மூத்த ஆணிடம் பேசும்போது நான் ‘எம்’, அதாவது தங்கை. என்னைவிட இளையவரிடம் ‘சி’, அக்கா. தோழியின் குழந்தையிடம் ‘கோ’, அத்தை. எதிர்வீட்டுப் பாட்டியிடம் ‘சாவ்’, பேத்தி. ஒரே காலைப்பொழுதில் பால் வாங்கி, பள்ளிக்குப் போய், மருத்துவரைப் பார்த்துத் திரும்புவதற்குள் நான் ஐந்து வெவ்வேறு ‘நான்’களாக இருந்துவிடுகிறேன். எதிரில் இருப்பவருக்கும் அப்படித்தான். ‘நீங்கள்’ என்று பொதுவாக எல்லோருக்கும் பொருந்தும் ஒரு சொல் அன்றாடப் பேச்சில் இல்லை. உறவு முடிவாகாமல் ஒரு வாக்கியத்தைக்கூட இயல்பாகத் தொடங்க முடியாது. அதனால்தான் உங்கள் வயதை அவ்வளவு விரைவாகக் கேட்டார். அதைத் துருவல் என்று கொள்ள வேண்டாம். வாய் திறக்கத் தேவையான தகவல் அது.

இப்போது ‘தோய்’ என்பதற்கு வருகிறேன். பாடநூல் பொய் சொல்லவில்லை. மேடையில் பேசுபவர், வழக்குமன்றத்தில் சாட்சி சொல்பவர், முன்பின் அறியாத ஒத்த வயதினர் ஆகியோர் அதைப் பயன்படுத்துவார்கள். ஆனால் ஏற்கெனவே ‘ஆஞ்’, ‘எம்’ என்று அண்ணன் தங்கையாகப் பேசிக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் திடீரென்று ‘தோய்’ என்றால், நடுவில் ஒரு சுவர் எழுப்பிவிட்டார் என்று பொருள். கணவனும் மனைவியும் ‘ஆஞ்’, ‘எம்’ என்றுதான் பேசிக்கொள்வார்கள். சண்டை முற்றும்போது முதலில் வெளிவரும் சொல் ‘தோய்’. என் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு இளம் தம்பதியர் இருந்தார்கள். குரல் உயராமலே அந்தச் சொல் ஒன்று மாறியதை வைத்து, அன்று அங்கே அடுப்பு எரியாது என்று என் வீட்டு உரிமையாளரான அம்மையார் சொல்லிவிடுவார். உங்கள் தோழியின் காதில் விழுந்தது அதுதான். அவரிடம் நீங்கள் ‘ஆஞ்’ என்று உங்களையே சொல்லிக்கொள்ளுங்கள்: “அண்ணன் நன்றி சொல்கிறேன் தங்கையே” என்பது போல. தமிழ்க் காதுக்கு முதலில் கூச்சமாக இருக்கும். பழகிவிடும்.

ஐயம் வந்தால் இங்கே ஒரு பழைய விதி இருக்கிறது. ‘ஸுங் கியெம், ஹோ தோன்’ என்பார்கள். தன்னைச் சொல்லும்போது தாழ்த்து, பிறரை அழைக்கும்போது உயர்த்து என்பது அதன் பொருள். நான் காய்கறி வாங்கும் அம்மாளுக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூடுதலாக இருக்கும். ஆனாலும் தம்மை ‘எம்’ என்றுதான் சொல்லிக்கொள்வார். கீரைக்கட்டை இரு கைகளாலும் நீட்டி, “தங்கை இன்றைக்கு அக்காவுக்கென்றே இளங்கீரை எடுத்து வைத்தேன்” என்பார். பேரம் பேச வாய் வராது.

மேகோங்கரை எழுதியது:

அந்திமந்தாரை அக்கா சொன்னது அனைத்தும் வடக்குக்கு அப்படியே பொருந்தும். நான் தெற்கே, கான் தோ நகரில் இருக்கிறேன். இங்கே இந்த உறவுமுறையோடு எண்களும் சேர்ந்துகொள்கின்றன. குடும்பத்தின் மூத்த பிள்ளையை ‘ஹாய்’ என்பார்கள்; அதற்கு இரண்டு என்று பொருள். அடுத்த பிள்ளை மூன்று, அதற்கடுத்தது நான்கு. கடைக்குட்டி ‘ஊத்’. ஒன்றாம் எண் யாருக்கும் கிடையாது. வடக்கில் மூத்த பிள்ளையை ‘கா’ என்பார்கள், எண்ணிக்கையும் ஒழுங்காகத் தொடரும். தெற்கில் ஏன் இரண்டில் தொடங்குகிறது என்பதற்குப் பல கதைகள் சொல்கிறார்கள். 1558-இல் தெற்கே ஆளவந்த நுயென் ஹோவாங் தம் தந்தைக்கு இரண்டாம் மகன் என்பதால் அவரைக் கடந்து யாரும் மூத்தவராக இருக்கக் கூடாது என்பது ஒன்று. தலைச்சன் பிள்ளையைத் தீய சக்திகள் கவர்ந்து செல்லாமல் இருக்க மறைத்து வைப்பது என்பது மற்றொன்று. எதையும் நான் உறுதியாகப் பற்றிக்கொள்ளவில்லை. ஆனால் எங்கள் தெருவில் பலருடைய இட்ட பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. நான்காம் சித்தப்பா, ஆறாம் அத்தை என்றே பத்தாண்டு ஓடிவிட்டது.

இந்த எண் வழக்கில் நமக்கும் ஓர் இடம் இருந்திருக்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து வந்தவர்களும் சைகோனில் வாழ்ந்தார்கள். சீனரை ‘சூ பா’, அதாவது மூன்றாம் சித்தப்பா என்று அழைத்த உள்ளூர் மக்கள், இந்தியரை ‘ஆஞ் பாய்’, ஏழாம் அண்ணன் என்று அழைத்தார்கள். அயலாரையும் ஏதோ ஓர் எண் கொடுத்துக் குடும்பத்துக்குள் உட்கார வைத்துவிடும் மனப்போக்கு அது. ட்ருவோங் தின் தெருவிலுள்ள மாரியம்மன் கோயிலுக்கு இன்று வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள்தாம். ஊதுவத்தி ஏந்தி வேண்டிக்கொண்டு, கருவறைக்குப் பின்புறம் சென்று, கற்சுவரில் நெற்றியை வைத்து மெல்லிய குரலில் தம் குறைகளைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தெற்கத்தி வீடுகளில் கோழியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்து ரொட்டியோடு பரிமாறும் ‘கா ரி’யும் நம் கறிதான்.

செந்தூரான், ஒரு சிறு குறிப்பு. பட்டியலில் நுயென் என்று எழுதியிருப்பதைப் பார்த்து “திரு. நுயென்” என்று மின்னஞ்சல் எழுதிவிடாதீர்கள். நாட்டில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அந்தக் குடும்பப் பெயர் உண்டு. கடைசியில் வரும் பெயர்தான் இட்ட பெயர். எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் அதைச் சொல்லித்தான் அழைப்பார்கள். திருமணமானாலும் பெண்கள் தம் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்வதில்லை.

நெடுவழி எழுதியது:

மேலே எழுதியவர்களின் அன்பை மதிக்கிறேன். ஆனால் இந்த வழக்கத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். சைகோனுக்கு வடக்கே, பின் சுவோங் பகுதியில் ஓர் ஆலையில் நான்கு ஆண்டுகள் தர மேற்பார்வையாளராக இருந்தேன்.

ஒரு முறை ஏற்றுமதிக்கான கடைசி நாளைக் கூட்டத்தில் அறிவித்து, முடியுமா என்று கேட்டேன். எல்லோரும் ‘யா’ என்றார்கள். இதை வடக்கில் ‘ஸா’ என்பார்கள். ஆம் என்று எடுத்துக்கொண்டேன். சரக்கு உரிய நாளில் போகவில்லை. விசாரித்தபோது, முடியாது என்பது அந்த அறையில் இருந்த அனைவருக்கும் முதல் நாளே தெரிந்திருந்தது என்று வெளியானது. அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. 24 வயதுப் பெண் ஒருவர், ஓர் இயந்திரத்தின் குறையைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அந்தப் பிரிவின் தலைவர் தம் தந்தை வயதினர். அவரிடம் தம்மை ‘சாவ்’ என்று சொல்லிக்கொண்டு பேசுகிறவர், எல்லோர் முன்னிலையிலும் “நீங்கள் செய்வது தவறு” என்று எந்த வாயால் சொல்வார்? வாக்கியத்தின் முதல் சொல்லே அவரைச் சிறுபிள்ளையாக்கிவிடுகிறதே. இரண்டு மாதம் அவர் வாய் திறக்கவில்லை.

நம் ஊரிலும் பெரியவர் முன் பேசாதே என்று வளர்த்தார்கள். அதிலிருந்து வெளியே வர நாம் பட்ட பாடு எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே இதை வெறும் இனிய பண்பாடாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை.

அந்திமந்தாரை எழுதியது:

நெடுவழி ஐயா, நீங்கள் சொல்லும் வலியை மறுக்க மாட்டேன். பள்ளியில் என்னோடு பணிபுரியும் இளம் ஆசிரியைகள் சிலரும் இதையே வேறு சொற்களில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ‘யா’ என்பதைப் பற்றி மட்டும் விளக்க அனுமதியுங்கள்.

அந்தச் சொல்லின் முதற்பொருள் ஆம் என்பதன்று. “நீங்கள் சொல்வதைப் பணிவோடு கேட்டுக்கொண்டேன்” என்பதே அதன் உட்பொருள். அம்மா அழைத்தால் பிள்ளை அங்கிருந்து கொடுக்கும் குரலும் அதுவே. நம் பழைய தலைமுறையினர் சொன்ன ‘அம்மா... இதோ’ என்ற பதிலைப் போன்றது. வடக்கில் இசைவைச் சொல்ல ‘வாங்’ என்று தனிச்சொல் இருக்கிறது. தெற்கில் இரண்டுக்கும் ஒரே சொல் போதுமாகிவிட்டதால், அயலாருக்குக் குழப்பம் கூடுதல். ஆகவே “முடியுமா?” என்று கேட்டால் பணிவுதான் பதிலாக வரும். “எந்தப் பகுதி கடைசியாக முடியும், அதற்கு என்ன தடையாக இருக்கிறது?” என்று கேட்டால் விவரம் வரும். அதையும் கூட்டத்தில் கேட்காமல், மதிய உணவுக்குப் பின் காப்பிக் கடையின் குட்டை முக்காலியில் பக்கத்தில் உட்கார்ந்து, வடிகட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் காப்பி இறங்கிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் கேட்க வேண்டும். பிறர் முன்னிலையில் ஒருவருடைய முகம் சுருங்கும்படி எதுவும் நடக்கக் கூடாது என்பதில் இவர்களுக்கு அவ்வளவு கவனம்.

உறவுமுறை என்பது தாழ்த்துவதற்கு மட்டும் பயன்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயின் பா தின் திடலில் விடுதலைப் பிரகடனத்தைப் படித்துக்கொண்டிருந்த ஹோ சி மின், நடுவே நிறுத்தி, “நான் பேசுவது உடன்பிறந்தோருக்குத் தெளிவாகக் கேட்கிறதா?” என்று வினவியதை இங்குள்ள ஒவ்வொரு குழந்தையும் அறியும். அவர் தம்மைக் குறிக்கப் பயன்படுத்தியது ‘தோய்’. மக்களைக் குறிக்கப் பயன்படுத்தியது ‘தோங் பாவ்’, ஒரே கருப்பையில் பிறந்தவர்கள் என்பது அதன் நேர்ப்பொருள். அவ் கோ என்ற அன்னை ஈன்ற 100 முட்டைகளிலிருந்து இந்த இனம் தோன்றியது, ஐம்பது பிள்ளைகள் தாயோடு மலைக்கும் ஐம்பது பிள்ளைகள் தந்தையோடு கடலுக்கும் சென்றனர் என்ற தொன்மக் கதையிலிருந்து வரும் சொல் அது. அரசர்களுக்கு முன் மண்டியிட்டிருந்த ஒரு நாட்டின் தலைவரை, அதற்குப் பின் மக்கள் ‘பாக் ஹோ’, ஹோ பெரியப்பா என்றே அழைத்தார்கள். பெரியப்பாவிடம் குறை சொல்லலாம், அரசனிடம் சொல்ல முடியாது.

நெடுவழி எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி அம்மா. கேள்வி கேட்கும் முறையை நான் மாற்றியிருக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். பெரியப்பாவிடம் குறை சொல்லலாம் என்பதை அந்த 24 வயதுப் பெண் ஏற்பாரா என்பதில் என் ஐயம் அப்படியே இருக்கிறது.

இருவாட்சி எழுதியது:

இங்கே குழந்தை வளர்த்தவள் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். பச்சிளம் குழந்தையைப் பார்த்தால் “எவ்வளவு கொழுகொழுவென்று இருக்கிறது” என்று நேரடியாகப் புகழக் கூடாது. புகழ வேண்டுமானால் முன்னால் ‘சோம் வீயா’ என்று சொல்லிவிட்டுத்தான் புகழ வேண்டும். நம் பாட்டிமார் ‘என் கண்ணே பட்டுவிடும்’ என்று சொல்லித் திருஷ்டி கழிப்பதற்கு ஈடானது. முன்பு நோயும் பேயும் அண்டாமல் இருக்கக் குழந்தைகளுக்கு வீட்டில் அழகற்ற பெயர்களை வைத்து அழைத்தார்கள் என்று என் மாமியார் வயதுடைய பக்கத்து வீட்டம்மாள் சொன்னபோது, எங்கள் ஊர்க் குப்புசாமிகளும் பிச்சையம்மாள்களும் என் கண்முன் வந்தார்கள்.

செந்தூரான், நீங்கள் மரக்கறி உண்பவரானால் ‘ஆன் சாய்’ என்று சொல்லுங்கள். பௌத்தர் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அப்படி உண்பதால், யாரும் உங்களை விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். ஆனால் மீன் சாறு வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பலருக்கு அது உப்பைப் போன்றது. உணவில் சேர்ந்திருப்பதே நினைவுக்கு வராது.

குயவன்தெரு எழுதியது:

நான் நாம் தின் பகுதியில் பெண் எடுத்தவன். அது இப்போது நின் பின் மாகாணத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஊர்க்காரர்கள் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள். உங்கள் இரண்டாம் கேள்விக்கு நான் பதில் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

கட்டாயம் போங்கள். நம் திவசமும் இவர்களுடைய ‘ஸோ’வும் மேலோட்டமாக ஒன்றுபோலத் தெரியும். இரண்டும் இறந்த நாளைச் சந்திரக் கணக்கில் எண்ணுகின்றன. இரண்டிலும் முன்னோருக்குப் படைத்த பிறகே மற்றவர் உண்ண வேண்டும். அந்த ஒப்புமையை நம்பி நான் முதலாண்டில் ஏமாந்தேன். நம்மிடம் அது வீட்டுக்குள் அடங்கிய சடங்கு. இவர்களிடம் அது ஊரைக் கூட்டும் விருந்து. பிறந்த நாளைக்கூட மறந்துவிடுவார்கள், ‘ஸோ’வை மறக்க மாட்டார்கள். நான் துக்க முகத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்தேன், என் மாமனார் வந்து, “தாத்தா இன்று வீட்டுக்கு வந்திருக்கிறார், நீ இப்படி இருந்தால் அவர் என்ன நினைப்பார்?” என்று கேட்டார். அவ்வளவுதான், எழுந்து சிற்றப்பாக்களோடு சேர்ந்து பாய் விரிக்கப் போய்விட்டேன்.

பழம், பூ, ஊதுவத்திக்கட்டு, இனிப்புப் பெட்டி ஆகியவற்றில் எதையாவது எடுத்துச் செல்லுங்கள். பூவாக இருந்தால் ஒற்றைப்படையில் இருக்கட்டும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கொண்டுபோனதை வீட்டின் மூத்தவரிடம் இரு கைகளாலும் கொடுங்கள். அவர் அதைப் பிரிக்காமல் அப்படியே முன்னோர் பீடத்தில் வைப்பார். ஏனென்றால் அது அவருக்கான பரிசே அன்று. பிறகு, ஊதுவத்தி ஏற்றலாமா என்று நீங்களே அனுமதி கேளுங்கள். இதைக் கேட்கும் விருந்தினரை அந்த வீடு என்றும் மறக்காது. சுடரை வாயால் ஊதி அணைக்காதீர்கள். கையால் விசிறுங்கள் அல்லது மெல்ல அசையுங்கள். வத்தி எரிந்து முடியும்வரை பீடத்தின் மேலுள்ள உணவை யாரும் தொட மாட்டார்கள்.

அதன்பின் தட்டுகள் இறங்கும். வட்டமான பெரிய தாம்பாளம் ஒன்றைச் சுற்றிப் பெரும்பாலும் ஆறு பேர் அமர்வார்கள். வேகவைத்த கோழி, செந்நிறப் பசையரிசிச் சோறு, பொரித்த சுருள்கள், மூங்கில் குருத்துச் சூப் எல்லாம் நடுவில் பொது. உங்களுக்கென்று இருப்பது கிண்ணமும் குச்சிகளும் மட்டுமே. எங்கே உட்கார வேண்டும் என்று காட்டும்வரை நில்லுங்கள். ‘உண்ணும்போது பானையைப் பார், உட்காரும்போது திசையைப் பார்’ என்பது இவர்கள் பழமொழி. பானையில் எவ்வளவு சோறு மீதி இருக்கிறது, இன்னும் யார் உண்ணவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டே உண்ண வேண்டும் என்பது முதற்பகுதி. பீடத்துக்கும் பெரியவருக்கும் முதுகு காட்டாமல் உட்கார வேண்டும் என்பதைச் சேர்த்து அடுத்த பகுதியை என் மாமியார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். குச்சிகளைச் சோற்றில் நட்டு வைக்காதீர்கள். இறந்தவர் முன் வைக்கும் கிண்ணம் அப்படித்தான் இருக்கும்.

மிக முக்கியமானது ‘மோய்’. நம் மொய்யோடு தொடர்பில்லாத சொல். அழைத்தல் என்பது பொருள். வடக்கத்திக் குடும்பங்களில் முதல் கவளத்துக்கு முன், இளையவர் ஒவ்வொரு பெரியவரையும் முறை சொல்லி உண்ண அழைக்க வேண்டும். “சாவ் மோய் பா ஸோய் கோம்” என்றால், பேரன் பாட்டியை உணவுண்ண அழைக்கிறேன் என்று பொருள். பத்துப் பெரியவர் இருந்தால் பத்து முறை. இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

சிறு கிண்ணத்தில் அரிசி மது வரும். வேண்டாமென்றால் உதட்டில் தொட்டுவிட்டு வைத்துவிடலாம். ஆனால் பெரியவரோடு கிண்ணத்தை மோதும்போது உங்களுடையது அவருடையதைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். புறப்படும்போது ஒரு பொட்டலம் தருவார்கள். மறுக்காதீர்கள். பீடத்திலிருந்து இறங்கியது என்பதால் நம் பிரசாதத்தைப் போல அதில் அருள் இருப்பதாக எண்ணுகிறார்கள்.

செந்தூரான் எழுதியது:

ஞாயிறன்று போய்வந்தேன். எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

வீட்டின் முன்னறை முழுவதையும் அந்தப் பீடம் ஆண்டது. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் தாத்தா படைவீரர் தொப்பி அணிந்திருந்தார். படத்தின் முன் அவர் விரும்பிய சிகரெட் பெட்டி ஒன்று, மேல் உறை பிரித்து, ஒரு சிகரெட் பாதி வெளியே இழுத்து வைத்த நிலையில் இருந்தது. ஊதுவத்தி ஏற்றலாமா என்று நான் கேட்டதும், பெரியப்பா ஒன்றும் பேசாமல் மூன்று வத்திகளைப் பற்றவைத்து என் கையில் கொடுத்தார். பிறகு படத்தைப் பார்த்து, ஹைஃபோங்கில் தன் தம்பி மகளோடு வேலை செய்பவர் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார் என்று என்னை அறிமுகம் செய்துவைத்தார். உயிரோடிருப்பவரிடம் சொல்லும் அதே குரலில் சொன்னார்.

என்னை அமரவைத்த தாம்பாளத்தில் 84 வயதுப் பாட்டியும் இருந்தார். பாயில் கால்மடக்கி உட்கார்ந்து, வெற்றிலையை இரும்பு உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தார். பல் முழுதும் கறுப்பு. இளவயதில் சாயமேற்றிய தலைமுறை அது. எங்கள் ஆச்சி இடிக்கும் ஓசையும் இப்படித்தான் இருக்கும். குயவன்தெரு அண்ணன் எழுதிக்கொடுத்த வாக்கியத்தை நான் சொன்னதும், அவர் இடிப்பதை நிறுத்திவிட்டார். தொனி தவறியிருக்க வேண்டும், பிள்ளைகள் சிரித்தார்கள். பாட்டி சிரிக்கவில்லை. தம் குச்சிகளைத் திருப்பி, வாயில் படாத முனையால் கோழித்துண்டு ஒன்றை எடுத்து என் கிண்ணத்தில் வைத்து, “பேரனே சாப்பிடு” என்றார். அதன்பின் அந்தக் கிண்ணம் காலியாகவே இல்லை. நான் எதிர்ப்பக்கம் திரும்பும்போதெல்லாம் ஏதோ ஒன்று வந்து சேர்ந்திருந்தது.

தோழியிடம், “அண்ணன் தங்கைக்கு நன்றி சொல்கிறேன்” என்று சரியான சொற்களில் சொல்லிவிட்டேன். “அந்தத் ‘தோய்’க்குப் பிறகு வேறு மேசைக்கு மாற்றச் சொல்லலாமா என்று யோசித்தேன்” என்று அப்போதுதான் அவர் சொன்னார். ஒரே ஒரு சொல்.

நெடுவழி ஐயா கவனத்துக்கும் ஒன்று. கழுவுமிடத்தில் தோழியும் அவர் பெரியப்பாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். பாட்டியை நகர மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் செய்தியில் பெரியப்பாவின் முடிவு தவறென்று அவர் விடாமல் வாதிட்டார். தம்மைச் ‘சாவ்’ என்று சொல்லிக்கொண்டே, தட்டுகளைத் துடைத்துக்கொண்டே, யாரும் பக்கத்தில் இல்லாத இடத்தில். கடைசியில் பெரியப்பாதான் தலையசைத்தார். ஆலைக்கும் வீட்டுக்கும் வேறுபாடு உண்டு என்பதை அறிவேன். கண்டதைப் பதிவு செய்கிறேன்.

அடுத்த ஆண்டும் வர வேண்டும் என்று நாளைக் குறித்துக் கொடுத்தார்கள்: இரண்டாம் சந்திர மாதம் 18-ஆம் நாள். எங்கள் வீட்டுக் கணக்கில் அது ஏறத்தாழத் தேய்பிறைத் திரிதியை.

ஒரு கேள்வி மட்டும் மீதி. பெரியப்பாவின் கடைசி மகனுக்கு ஒன்பது வயது. 27 வயதான தோழி அவனை ‘ஆஞ்’, அண்ணன் என்று அழைத்து, தம்மை ‘எம்’ என்று சொல்லிக்கொண்டார். விளையாட்டு என்று நினைத்தேன், இல்லை. அவர் எனக்குத் தங்கை, அவன் அவருக்கு அண்ணன் என்றால், நான் அவனை எப்படி அழைப்பது?

குயவன்தெரு எழுதியது:

மூத்த கிளையில் பிறந்தவன் என்பதால், வயது எதுவானாலும் இளைய கிளையினருக்கு அவன் அண்ணன்தான். என் மனைவிக்கும் அப்படி ஐந்து வயது அண்ணன் ஒருவர் இருந்தார். இடுப்பில் தூக்கிக்கொண்டே அண்ணா என்று கொஞ்சுவார். இது இரத்த வழிக்கு மட்டுமே உள்ள கணக்கு. நீங்கள் அந்த வழிக்கு வெளியே இருக்கிறீர்கள், எனவே உங்களுக்கு வயதுதான் அளவு: நீங்கள் அவனுக்குச் ‘சூ’, அதாவது சித்தப்பா; அவன் உங்களுக்குச் ‘சாவ்’, பிள்ளை முறை. தெத் புத்தாண்டுக்கு அவனுக்கு ஒரு சிவப்பு உறை எடுத்து வையுங்கள், புதிய நோட்டாக இருக்கட்டும்.